பார்க்காமல் போட்ட ஆறு டிக்

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் சரவணன் போன் செய்தான். மதுரையில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் நெட்வொர்க் பிரிவில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன். புதிதாக நான்கு பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்களாம்.

"அண்ணே, அந்த ஏழு லேயரையும் ஒரே வாக்கியமா வச்சுச் சொல்லுவீங்கள்ல, அத எழுதிக் குடுங்க. கூடவே ஒங்க அனுபவம் ரெண்டு பக்கம். புதுப் பிள்ளைகளுக்குக் குடுக்கணும்" என்றான்.

எழுதுகிறேன். ஆனால் இது ரெண்டு பக்கத்தில் அடங்காது. அவன் நினைத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஆளாகவும் இதைப் படித்து முடிக்கும்போது நான் இருக்க மாட்டேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. சமயநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்து மருத்துவமனையில் சேர்ந்தேன். வயர் இழுத்தேன், ஃபேன் மாட்டினேன். பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அறையில் போட்டார்கள். அதனால்தான் பழைய ஆட்கள் எல்லோருக்கும் நான் 'எக்ஸ்சேஞ்ச் அண்ணே'.

நாற்பது வயதை நெருங்கும்போது மருத்துவமனை முழுக்கக் கம்ப்யூட்டர் வந்தது. லேப் ரிசல்ட், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாமே வயர் வழியாகப் போக ஆரம்பித்தன. டெலிபோனும் அதே வயருக்கு மாறியது. வயர் தெரிந்தவன் என்பதால் என்னையும் அந்தப் பிரிவுக்கு மாற்றி, ஆறு மாதம் சனி ஞாயிறுகளில் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். வகுப்பில் எல்லோரும் என்னைவிடப் பதினைந்து, இருபது வயது சின்னவர்கள்.

அங்கேதான் அந்த ஏழு அடுக்கு வந்தது. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் தகவல் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போவதற்குள் செய்ய வேண்டிய வேலைகளை ஏழாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கீழே இருந்து பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன். இதே வேலைகளை நான்காகப் பிரித்த இன்னொரு அடுக்கும் உண்டு. அது வேறு குழப்பம். முதல் தேர்வில் செஷனையும் டிரான்ஸ்போர்ட்டையும் இடம் மாற்றி எழுதித் தோற்றேன். பக்கத்தில் இருந்த பையன்கள் இங்கிலீஷில் பீட்ஸாவை வைத்து ஒரு வாக்கியம் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். நான் அதுவரை பீட்ஸாவைக் கண்ணால் பார்த்ததில்லை.

என் மனைவி செல்விதான் வழி சொன்னாள். "நம்ம பாசையில ஒண்ணு கட்டிக்கிற வேண்டியதுதான?" என்றாள். ரெண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கட்டினோம்: பிச்சையும் டேவிட்டும் நெல்லு டிராக்டருல, செல்வி பின்னால அழுதா. பி, டே, நெ, டி, செ, பி, அ.

"நான் எதுக்கு அழுகணும்?" என்று கேட்டாள்.

"அ வரணும்ல."

"அப்ப அரிசி பொடச்சான்னு போடுங்க" என்றாள். ஆனால் அழுததுதான் என் மனதில் நின்றது. சரவணா, நீ கேட்ட வாக்கியம் இதுதான். அடுத்த தேர்வில் தேறிவிட்டேன்.

வரிசை தெரிந்ததே தவிர, அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிய வைத்தவர் ஜமுனா மேடம். நெட்வொர்க் பிரிவின் தலைவி. என்னைவிட ஏழு வயது இளையவர். வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டால் சௌராஷ்டிர மொழியில் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவார். மற்றபடி வேலை நேரத்தில் அவர் வாயிலிருந்து தேவையில்லாத சொல் வந்து நான் கேட்டதில்லை.

பழுது என்று கூப்பிட்டால் போய் நிற்பார். கைகள் ரெண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். பார்த்து முடிக்காமல் எதையும் தொட மாட்டார். நர்ஸிடம் "என்ன பிரச்சினை?" என்று கேட்க மாட்டார். "என்ன தெரியுது?" என்றுதான் கேட்பார். பிரச்சினை என்று கேட்டால் ஆட்கள் தாங்கள் நினைப்பதைச் சொல்லிவிடுகிறார்களாம்.

லேப் ரிசல்ட்டை வைத்துத்தான் எனக்கு ஏழையும் சொல்லிக் கொடுத்தார். "ரிசல்ட் லேப்ல இருந்து வார்டுக்குப் போகணும். வயர்ல உயிர் இருக்கான்னு பாக்குறது ஒண்ணு. வயர் போய்ச் சேர்ற பெட்டி, இதச் சரியான கூட்டத்துல சேத்திருக்கான்னு பாக்குறது ரெண்டு. விலாசம் தெரிஞ்சு வழி கண்டுபிடிச்சிருச்சா, மூணு. துண்டு துண்டாப் போனது ஒண்ணு விடாம வந்திருச்சா, நாலு. ரெண்டு பக்கமும் பேச்ச ஆரம்பிச்சு ஒழுங்கா முடிக்கிறாங்களா, அஞ்சு. அனுப்புன எழுத்து அங்கிட்டும் அதே எழுத்தாத் தெரியுதா, ஆறு. நர்ஸ் கண்ணுல சரியான ரிசல்ட் படுதா, ஏழு. ஏழாவது நடக்கலைன்னா கீழ ஆறும் நல்லா இருந்து பிரயோசனமில்ல."

"மெஷினுக்குள்ள நெசமாவே ஏழு இருக்கா மேடம்?" என்று கேட்டேன்.

"மெஷின் இப்படிப் பிரிச்சுக்கிட்டு வேலை பாக்குறது இல்ல. பழுது எங்க இருக்குன்னு நாம ரெண்டு பேரும் சண்டை போடாமப் பேசிக்கிறதுக்குத்தான் இது" என்றார்.

ஒரு தடவை எக்ஸ்ரே பிரிவின் பிரிண்டரில் நோயாளிகளின் தமிழ்ப் பெயர் எல்லாம் கட்டம் கட்டமாக விழுந்தது. நான் ஒரு மதியம் முழுக்க வயரைக் கழற்றி மாட்டி, பழையபடி கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மேடம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டை நனைந்த பிறகுதான் வாய் திறந்தார். "இங்கிலீஷ் எழுத்து நல்லா விழுகுதே முருகேசன். வயரு தமிழ் இங்கிலீஷ் பாக்குமா?" எழுத்துரு மாறிக் கிடந்தது. ஆறாவது அடுக்கு எனக்கு அதன்பிறகு மறந்ததில்லை.

மேடம் ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தார். ஷீட் என்போம். எந்த வயரை மாற்றினாலும், எந்தப் பெட்டியைத் தொட்டாலும் அதை நிரப்ப வேண்டும். ஏழு வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதைச் செய்து பார்த்தாய் என்று எழுத ஒரு கோடு, பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம், கடைசியில் கையெழுத்து. கோட்டில் 'ஓகே' என்று எழுதினால் அடித்துவிட்டு, "எத வச்சு ஓகே?" என்று கேட்பார். ரெண்டு வருடத்தில் எல்லோரும் கோட்டை விட்டுவிட்டு டிக் மட்டும் போடப் பழகிவிட்டோம். மேடம் கண்டித்துப் பார்த்தார். ஆள் குறைவு, வேலை அதிகம். நின்று எழுத நேரமில்லை என்போம். அதில் அதிகமாகச் சொன்னவன் நான்தான்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை.

டயாலிசிஸ் வார்டு புதுக் கட்டடத்தில் இருந்தது. அங்கே சுவர் அலமாரிக்குள் இருந்த ஸ்விட்ச் பெட்டி சூடேறி மக்கர் செய்ததால், காலையில் புதுப்பெட்டி மாட்டினேன். அந்த வார்டு வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி அது. பன்னிரண்டு வயரைப் பழைய பெட்டியிலிருந்து பிடுங்கிப் புதியதில் சொருகினேன். புதுப்பெட்டியின் பதினாறு துளைகளில் ரெண்டு வார்டுக்கு உரியவை அல்ல. பதினொன்றும் பன்னிரண்டும் அலுவலகப் பிரிவின் கூட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. ஒரே பெட்டியில் இருந்தாலும் அந்தத் துளையில் சொருகிய வயர் வார்டு, லேப் ஆட்களோடு பேசாது. நான் அந்த ரெண்டில் சொருகியது வார்டு கவுண்டரின் கம்ப்யூட்டர் வயரையும், கவுண்டரின் டெலிபோன் வயரையும்.

பச்சை விளக்குகள் பன்னிரண்டும் எரிந்தன. அந்நேரம் ஆபரேஷன் தியேட்டரில் திரை அணைந்துவிட்டது என்று ஆள் ஓடிவந்தது. ஷீட்டை அலமாரிக் கதவில் வைத்து ஏழு டிக்கையும் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு ஓடினேன். கவுண்டர் போனை எடுத்து லேபுக்கு ஒரு போன் போட்டுப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிடம் ஆகியிருக்காது.

கருப்பையா என்று ஒருவர். நாற்பத்தாறு வயது, நெல் அறுவடை மெஷின் ஓட்டியவர். வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸுக்கு மனைவி பேச்சியம்மாளுடன் வருவார். எங்கள் ஊருக்கு ரெண்டு நிறுத்தம் முன்னால்தான் அவர் ஊர். பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கை கால் சோர்வாக இருக்கிறது என்று சொன்னதால் பன்னிரண்டு மணிக்கு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள்.

லேபில் இருந்தவள் விஜயராணி. திருமங்கலம் பக்கத்துப் பெண், அப்போது இருபத்தாறு வயது. பொட்டாசியம் அளவு உயிருக்கே ஆபத்தான உயரத்தில் இருந்தது. ரிசல்ட்டை உடனே அனுப்பினாள். அவள் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. சர்வர் வரைக்கும் போனதுதான், வார்டுக்குப் போகவில்லை. வார்டுத் திரையில் முந்தைய தடவை எடுத்த ரிசல்ட் அப்படியே நின்றது. கவுண்டரில் இருந்த நர்ஸ் அதையே இன்றையது என்று எண்ணி, பயப்பட ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டார்.

இப்படிப்பட்ட ரிசல்ட்டைப் போனிலும் சொல்ல வேண்டும் என்பது விதி. எடுத்துக் கேட்ட நர்ஸின் பெயரை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். விஜயராணி போன் செய்தாள். அந்தப் பக்கம் மணி அடிக்கவே இல்லை. பிறகு ரிசல்ட்டைத் தாளில் எடுத்து அட்டெண்டரிடம் கொடுத்து ஓடச் சொன்னாள். பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு ரெண்டு மாடி இறங்கி, முற்றம் கடந்து, மூன்று மாடி ஏற வேண்டும். அட்டெண்டர் வார்டுக்குள் நுழையும்போது டாக்டர்கள் கருப்பையாவின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் அப்போது வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தார்.

மூன்று மணிக்கு ஜமுனா மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த அலமாரியைத் திறந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. விளக்குகளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வயராகக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார்.

"பதினொண்ணும் பன்னெண்டும் யாரோட துளை?"

பதில் அவருக்கே தெரியும். "ஷீட்டக் குடுங்க" என்றார். கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஏழு டிக் இருக்கு முருகேசன். எத்தன பாத்தீங்க?"

"ஒண்ணு மேடம். லைட்ட மட்டும்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. ரெண்டு வயரையும் உருவிச் சரியான துளைகளில் சொருகினார். நாங்கள் கவுண்டருக்குத் திரும்பியபோது கம்ப்யூட்டர் திரை ஒரு தடவை மினுங்கியது. கருப்பையாவின் ரிசல்ட் சிவப்பு எழுத்தில் மேலே வந்து நின்றது. அந்தப் பக்கம் அவர் படுத்திருந்த கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

எக்ஸ்சேஞ்ச் மெஷின், யார் யாரைக் கூப்பிட்டாலும் கிடைக்காத அழைப்பு உட்பட எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். அது எனக்குப் பழகிய மெஷின். அன்றே பதிவை அச்செடுத்தேன். லேப் எண்ணிலிருந்து டயாலிசிஸ் வார்டு எண்ணுக்கு மதியம் ஒன்று பன்னிரண்டு, ஒன்று பதினான்கு, ஒன்று பதினேழு என மூன்று அழைப்புகள். மூன்றுக்கும் நேரே 'தொடர்பு இல்லை' என்று இருந்தது. ஒரு பிரதியை மேடம் தன் அறிக்கையோடு சேர்த்துக்கொண்டார். இன்னொன்றை நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நிர்வாக அதிகாரி எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். மேடத்தின் அறிக்கை அவர் முன்னால் இருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மேடம். ஆனா இம்புட்டு விவரம் வேணுமா?"

"இதவிடக் கம்மியா எழுதினா அது அறிக்கை இல்ல சார்."

"லேப் ரெஜிஸ்டர்ல நர்ஸ் பேர் எழுதுற எடம் காலியா இருக்கு. அந்தப் பொண்ணு போன் பண்ணல, சீட்டக் குடுத்து ஆள அனுப்பிருச்சு. அம்புட்டுத்தான் நமக்குத் தெரியும்."

"மணியே அடிக்காத போனுக்கு அந்தப் பொண்ணு யார் பேர எழுதும்? மூணு தடவ கூப்பிட்டிருக்கு. பதிவு இணைச்சிருக்கேன்."

அவர் மேடத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "முருகேசன், ஒங்க பொண்ணு பன்னெண்டாவதுதான? நம்ம நர்சிங் காலேஜ்லயே கேக்கலாம்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்கள்ல?"

"ஆமா சார்."

தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். குறிப்பிட்ட நேரத்தில் நெட்வொர்க் சீராக இயங்கியது, ஏழு அடுக்குகளும் அன்று காலையிலேயே சரிபார்க்கப்பட்டன என்று அதில் இருந்தது. கீழே நான் ஏழு டிக் போட்ட ஷீட்டைச் சாட்சியாக இணைத்திருந்தார்கள்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

விஜயராணியை விசாரணைக்குக் கூப்பிட்டது மூடிய அறையில். எங்களை உள்ளே விடவில்லை. கடைசியில் 'போன் செய்யத் தவறிவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலையில் சேரும்போது வாங்கி வைத்த சான்றிதழ்களைத் திருப்பித் தருவோம் என்றார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு மாதத்தில் ஜமுனா மேடமும் வேலையை விட்டார். அவர் அறிக்கைக்கு மேலிடத்திலிருந்தும் பதில் இல்லை. கடைசி நாளில் புத்தகங்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"அந்தப் பொண்ணு நம்பர் அணஞ்சு கிடக்கு. ஹாஸ்டலையும் காலி பண்ணிருச்சாம். அதோட ஊரு ஒங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டார்.

"தெரியும் மேடம்."

"நான் ஒங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கல. போய் அதுகிட்ட நடந்ததச் சொல்லிருங்க."

சரி என்று தலையாட்டினேன். போகவில்லை.

மேடத்தின் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். என் மகள் நர்சிங் படித்தாள். நான் ஷீட் விஷயத்தில் கறாரான ஆள் என்று பேர் எடுத்தேன். சரவணா, நீ சேர்ந்த முதல் வாரத்தில் கோட்டில் ஒன்றும் எழுதாமல் டிக் போட்டதற்காகத் தாளைக் கிழித்து உன் முன்னால் போட்டேனே, நினைவிருக்கிறதா? மறுநாள் நீ மற்றவர்களிடம் "அண்ணனுக்குத் தொழில் மேல அம்புட்டு பக்தி" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை.

சில வருடம் கழித்துத் தல்லாகுளம் பஸ் நிறுத்தத்தில் ஜமுனா மேடத்தைப் பார்த்தேன். நானாகப் போய் வணக்கம் சொன்னேன்.

"அந்தப் பொண்ணப் பாத்தீங்களா?" என்றார். அதுதான் முதல் கேள்வி.

"இல்ல மேடம்."

அவர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள். புதிதாக வந்திருந்த நிர்வாகி மைக்கைப் பிடித்து, "முருகேசன் ஒரு டிக் போட்டார்னா அதுக்கு மேல யாரும் போய்ப் பாக்க வேண்டியதில்ல" என்றார். கைதட்டினார்கள். நீயும்தான் தட்டினாய். நான் சுகர் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவில் வைத்திருந்த அந்த அச்சுத் தாளை எடுத்துச் செல்வியிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவளுக்கும் தெரியாது.

"பன்னெண்டு வருசமா?" என்றாள். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சொன்னாள்: "அந்தப் புள்ள எங்க இருக்குன்னு தேடுங்க. கண்டுபிடிச்சுச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வீட்டுக்கு வராதீங்க."

தேட ஐந்து மாதம் ஆனது. அவள் பழைய ஊரில் இல்லை. அன்றைக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடிய அட்டெண்டரைத்தான் கடைசியில் பிடித்தேன். பழங்காநத்தத்தில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கிறாள் என்றார்.

மருந்துக் கடைக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட ஒற்றை அறை. நான் போனபோது வேறு யாரும் இல்லை. குனிந்து எழுதிக்கொண்டே "பேரு, வயசு?" என்று கேட்டாள். சொன்னதும் நிமிர்ந்தாள். முன்முடி நரைத்திருந்தது.

"எக்ஸ்சேஞ்ச் அண்ணேதான? ஒக்காருங்கண்ணே. சுகர் பாக்கணுமா?"

அந்தக் கனிவை என்னால் தாங்க முடியவில்லை. தாளை எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்தேன். மூன்று வரியின் மேலும் விரலை வைத்துக் காட்டினேன். பிறகு காலையில் வயர் மாற்றியதிலிருந்து கையெழுத்துப் போட்டது வரை சொன்னேன்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று பன்னிரண்டு, ஒன்று பதினான்கு, ஒன்று பதினேழு என்று உதடு மட்டும் அசைந்தது.

"நான் போன் பண்ணியிருக்கேன்" என்றாள்.

"மூணு தடவம்மா."

"இல்லண்ணே, ஒங்களுக்குப் புரியல. மொதல்ல எனக்கு நல்லாத் தெரியும், பண்ணினேன்னு. அவங்க திருப்பித் திருப்பிக் கேக்கக் கேக்க, பண்ணினதா நாமளா நெனச்சுக்கிட்டோமோன்னு ஆயிருச்சு. எழுதிக் குடுத்ததுக்கு அப்புறம் அதுதான் நெசம்னு நானே நம்பிட்டேன். இம்புட்டு வருசமா ஒரு ஆளக் கொன்னுட்டோம்னுதான் இருக்கேன்."

"என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன்.

"அத விடுங்க. அவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்ல."

"நான் போனேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள். அந்த அக்கா கால்ல விழுந்து, நான்தான் போன் பண்ணாம விட்டுட்டேன், மன்னிச்சிருங்கன்னேன். நாசமாப் போன்னு சொன்னாங்க. சொல்லட்டும்னு கேட்டுக்கிட்டு வந்தேன்."

எழுந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். "இப்பச் சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க." அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். வரி வரியாகப் படித்தாள். "ஏழு அடுக்கும் பாக்கலைன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு பாத்தேன்னீங்கள்ல? சரியா எழுதுங்க" என்று திருத்த வைத்தாள். எதிர்க்கடையில் மூன்று நகல் எடுத்து ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள். ஒன்றை மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

"மூணாவத எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்கு நீங்க போங்க. நான் வரல" என்றாள்.

மறுநாள் காலை போனேன். பன்னிரண்டு வருடமாகத் தினமும் பஸ்ஸில் தாண்டிய நிறுத்தத்தில் முதல் தடவையாக இறங்கினேன். பேச்சியம்மாள் தெருக்குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மருத்துவமனையிலிருந்து வருகிறேன் என்றதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் கூட்டிப்போனார். நின்றுகொண்டே சொன்னேன். வயர், துளை என்று சொல்ல ஆரம்பித்துத் தடுமாறினேன். கடைசியில், "போன் வேலை செய்யல. வேலை செய்யாததுக்குக் காரணம் நான். பாக்காமயே பாத்ததா எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அந்தப் புள்ள போன் போட்டுச்சா?"

"மூணு தடவ போட்டுச்சு."

"கும்புட்டு விழுந்த பிள்ளைய நாசமாப் போன்னு சொன்னேனே. ஏன் பொய் சொல்லி எங்கிட்ட வந்து விழுந்துச்சு?"

"பொய் இல்லம்மா. அப்படித்தான் அத நம்ப வச்சோம்."

"நீதான் மாத்திச் சொருகினவனா?"

"ஆமா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு?"

"பழங்காநத்தத்துல."

எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினார். "எடத்தக் காட்டு" என்றார்.

பஸ்ஸில் அவர் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். பெரியார் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறினோம். வழியில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. லேப் இருக்கும் தெருமுனை வந்ததும் கையை நீட்டிக் காட்டினேன்.

"நீ இங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விஜயராணி ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் ஓரமாக நின்று காத்திருந்தார். பெரியவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்த பிறகு பேச்சியம்மாள் கவுண்டர் பக்கம் போனார். விஜயராணி யாரென்று அடையாளம் கண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். பேச்சியம்மாள் குனிந்து அவள் காலைத் தொடப் போனார். அவள் தடுத்துத் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ரெண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கவுண்டர் மறைத்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண் கதவைத் தள்ளப் போய், உள்ளே பார்த்துவிட்டு, என்னிடம் "என்னாச்சுண்ணே உள்ள?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றேன்.

வெயில் ஏறியது. மதியம் வரை அங்கேயே நின்றேன். யாரும் என்னை உள்ளே கூப்பிடவில்லை.